படத்துக்காக இழுத்த குழாய்

கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் முதல் மோட்டார் பஸ் காலை ஆறு மணிக்கு என்று சொல்வார்கள். ஆட்கள் நிறையும் வரை அது நகராது என்பது உள்ளூர்க்காரனான எனக்குத் தெரியும். சென்னையிலிருந்து வந்திருந்த சீனிவாசனுக்குத் தெரியாது. அவர் ஐந்தரைக்கே வந்து, மூன்று மரப்பெட்டிகளுக்கு நடுவில், கழுத்தைச் சுற்றிய சால்வையோடு நின்றிருந்தார். ஒரு பெட்டியில் சலனப்படம் பிடிக்கும் காமிரா, ஒன்றில் பிலிம் சுருள்கள், நீளமானதில் முக்காலி. அவற்றைப் பஸ்ஸின் கூரையில் ஏற்ற அவர் சம்மதிக்கவில்லை. காமிராப் பெட்டியை அவர் மடியிலும் பிலிம் பெட்டியை என் மடியிலும் வைத்துக்கொண்டு, ஏழு மணி வாக்கில் ஒருவழியாகப் புறப்பட்டோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம், மாசி மாதம்.

நீலகிரி மலையில் பைகாரா ஆற்றின் தண்ணீரைக் குழாய்க்குள் விட்டு, மூவாயிரம் அடி கீழே இறக்கி, அந்த வேகத்தில் மின்சாரம் எடுக்கும் வேலை அப்போது முடியும் தறுவாயில் இருந்தது. கோயமுத்தூர் வரைக்கும் கம்பி வரப்போகிறது. அதற்கு முன்னால், மின்சாரம் என்பது என்ன, அதை எப்படி உண்டாக்குகிறார்கள் என்பதை ஊர் ஊராகக் கொட்டகை போட்டுக் காட்ட ஒரு படம் வேண்டுமென்று சர்க்காரில் மேலே இருப்பவர்கள் நினைத்தார்கள். படம் பிடிக்க சீனிவாசனை அனுப்பினார்கள். ஒப்பணக்காரத் தெருவை ஒட்டிய சந்தில் நான் ஒரு போட்டோக் கடை வைத்திருந்தேன். பிலிமை வெளிச்சம் படாமல் மாற்றத் தெரிந்த ஆள், அதோடு இந்தப் பக்கத்துப் பேச்சுத் தெரிந்த ஆள் தேவைப்பட்டதால் என்னைத் தேடி வந்தார். “நான் பேசினா அவங்களுக்குப் புரியுது. அவங்க பேசினா எனக்குப் பாதிதான் புரியுது, சார். அந்த மீதிப் பாதிக்குத்தான் நீங்க” என்றார்.

காரமடையில் பஸ் வெகு நேரம் நின்றது. ரங்கநாதர் கோயில் திருவிழாவுக்குக் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. சாலையை அடைத்துக்கொண்டு மாட்டுவண்டிகள். டிரைவர் இறங்கி ஒவ்வொரு வண்டிக்காரரிடமும், “ஏனுங்க, கொஞ்சம் ஒதுக்கிக்கிறீங்களா” என்று கெஞ்சிக்கொண்டு போனார். அங்கே ஓரணாவுக்குக் காப்பி குடித்தோம். இருபத்திரண்டு மைலைக் கடந்து மேட்டுப்பாளையம் சேர்ந்தபோது, மலை ரயில் புறப்பட ஊதிவிட்டது. பெட்டிகளோடு ஓடினோம்.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த ஒரு தண்டவாளம் கூடச் சேர்ந்துகொள்கிறது. எஞ்சின் பின்னால் இருந்து தள்ள, அதன் அடியிலுள்ள பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. மனிதன் வேகமாக நடந்தால் கூடவே வந்துவிடலாம் போலத் தோன்றும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஆழம். எங்கள் எதிரே அன்னூர்ப் பக்கத்து உருளைக்கிழங்கு வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெட்டிகளைப் பார்த்துவிட்டு எங்கே போகிறோம் என்று கேட்டார். சொன்னேன்.

“அடிவாரத்துக்கும் எறங்குவீங்களா?”

“எறங்கணுமுங்க.”

“அப்ப ஊட்டியிலேயே கொய்னா மாத்திரை வாங்கி வெச்சுக்குங்க. மேல குளிரு ஒண்ணும் பண்ணாதுங்க. கீழ அந்தக் காட்டுக்குள்ளதான் காய்ச்சலு. எங்கூரு ஆளுங்க ரெண்டு பேரு போனாங்க. ஒருத்தருதான் வந்தாரு.” அதைச் சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊட்டியில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். மறுநாள் விடிந்தபோது புல் முழுவதும் உப்புத் தூவியதுபோல் வெள்ளையாக உறைபனி. சிமெண்டு ஏற்றிக்கொண்டு வேலையிடத்துக்குப் போகும் லாரியில் எங்களுக்கு இடம் சொல்லி வைத்திருந்தார்கள். டிரைவர் ரங்கசாமிக்குப் பெருந்துறைப் பக்கம். பைகாரா சாலையில் சில மைல் போய், வலப்பக்கம் பிரியும் மண் பாதையில் திரும்பியபோது, சீனிவாசன் உற்சாகமாக என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தார். படத்தில் அணை இருக்கும், கால்வாய் இருக்கும், சக்கரங்கள் இருக்கும். ஆனால் ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் போவது அந்தப் பிரம்மாண்டமான இரும்புக் குழாய்களை மனிதர்கள் கயிறு கட்டி மலைச்சரிவில் இழுத்து உட்கார வைப்பதைத்தான். அதற்காகவே நிறைய பிலிம் மிச்சம் வைத்திருப்பதாகச் சொன்னார்.

ரங்கசாமி சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “குழாயெல்லாம் போன மாசமே போட்டு முடிச்சுப்போட்டாங்களேங்க” என்றார்.

சீனிவாசன் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை அவருக்கு முழுவதும் புரிந்திருந்தது.

மலை விளிம்பில் இறங்கி நின்றபோது என் கால்கள் தாமாகவே ஓரடி பின்வாங்கின. அதுவரை புல்வெளியும் சோலையுமாக மெத்தென்று வந்த மலை, அந்த இடத்தில் அப்படியே அறுந்து விழுகிறது. கீழே மங்கலாக நீல நிறத்தில் காடு; அதற்கு அப்பால் மைசூர்ச் சீமை வரைக்கும் காடு. விளிம்பிலிருந்து கீழே நேராக ஒரு கோடு போட்டதுபோல் கறுப்புக் குழாய் இறங்கிப் போகிறது. எங்கள் பக்கத்தில் அதன் வாய்க்குள் ஒரு ஆள் குனிந்து நடந்து போகலாம். அதே குழாய் கீழே ஒரு நூல். அதன் முடிவில், தீப்பெட்டி அளவில், மின்நிலையக் கட்டடத்தின் தகரக் கூரை வெயிலில் மின்னியது.

குழாயை ஒட்டியே ஒற்றைப் பாதையாகத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். அதில் இரும்புக் கயிற்றில் கட்டிய ஒரு வண்டி, மேலே கயிற்றைச் சுற்றும் விஞ்சு யந்திரத்தால் இறங்கி ஏறுகிறது. ஆட்களும் சாமானும் அதில்தான். ஏறி உட்கார்ந்தால் கால் மலையடிவாரத்தை நோக்கித் தொங்கும். கயிறு இறுகும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. இறங்க இறங்க சால்வை வேண்டாததாயிற்று, பிறகு கோட்டும் வேண்டாததாயிற்று. காதுகள் அடைத்துக்கொண்டன. பாதி வழியில் ஒரு நிறுத்தம். சரிவை வெட்டிச் சமன் செய்து, சில தகரக் கொட்டகைகள் போட்டிருந்தார்கள். குழாய் போட்ட ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள். குழாய் வேலை தீர்ந்துவிட்டதால், மழைக்கு மண் சரியாமல் கல் கட்டும் வேலையில் இருந்தார்கள்.

அங்கே எங்களை வரவேற்ற இளம் இன்ஜினியர் நல்ல மனிதர். சீனிவாசனின் வருத்தத்தைக் கேட்டுவிட்டு, நிறுத்தத்தின் ஓரத்தில் கிடந்த ஒரு குழாய்த் துண்டைக் காட்டினார். விளிம்பு நசுங்கியதால் ஒதுக்கிய துண்டு. “தண்டவாளத்திலிருந்து குழாய் உட்காரும் மேடைக்கு ஏறுகிற இந்தச் சரிவுதான் கையால் இழுத்த இடம். இந்தத் துண்டையே மறுபடி கீழே இறக்கி இழுக்கச் சொல்லலாம். படத்தில் யாருக்குத் தெரியும்?” என்றார். சீனிவாசனின் முகத்தில் உயிர் வந்தது. மேஸ்திரியிடம் பேச என்னை அனுப்பினார்கள்.

சென்னியப்ப மேஸ்திரி ஐம்பதை நெருங்கியவர். குட்டையானவர், தோள்கள் மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். கல்லின் மேல் உட்கார்ந்து நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பின்னால் அவருடைய ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

“ஏனுங்க போட்டோக்காரரே, அந்தக் குழாயை மேல கொண்டு போயி என்னுங்க பண்ணப் போறீங்க?”

“ஒண்ணும் பண்ணப் போறதில்லீங்க. இழுக்கறதைப் படம் புடிக்கறதுதான். அப்புறம் அங்கயே கெடக்கும்.”

“அப்ப வேண்டாமுங்க.” கோபமே இல்லாமல் சொன்னார். “வேலைக்குன்னா இழுப்போமுங்க. எத்தனை தடவை வேணுமுன்னாலும் இழுப்போம். காட்டறதுக்கு இழுக்க மாட்டோமுங்க. அந்தச் சரிவுல எங்க ஆளு ஒருத்தரு போயிட்டாரு.”

கார்த்திகையில் நடந்ததாம். மலை முழுவதும் மூடுபனி இறங்கி, கயிறு நனைந்து, கைக்குச் சிக்காமல் வழுக்கியது. குழாயின் அடியில் உருளும் கட்டைகளில் ஒன்று விலகியது. கயிறு இரண்டு வரிசை. இடது வரிசையில் மூன்றாவது ஆள் மாரப்பன். மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டு இரு பக்கமும் விழுந்து தப்பினார்கள். மாரப்பன் மட்டும் விடவில்லை. விட மனமில்லாமல் பிடித்திருந்தாரா, கயிறு கையில் சுற்றிக்கொண்டதா, யாருக்கும் தெரியாது. அவரை அடிவாரத்து ஓடையோரத்தில் எரித்தார்கள். கூடவே வேலைக்கு வந்திருந்த அவர் மனைவி பாவாயி, ஊருக்குத் திரும்பிப் போகாமல் இங்கேயே கல் சுமந்துகொண்டிருந்தாள். குழந்தை இல்லை.

நான் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டார்; அன்றைக்கு அவரும் அங்கே இருந்திருக்கிறார். “கட்டாயப்படுத்த வேண்டாம்” என்றார். சீனிவாசன் அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கல்நெஞ்சர் அல்ல. தன் வேலையில் முழுவதும் மூழ்கியவர். சாயங்காலம் தாமே மேஸ்திரியிடம் போனார். “நீங்க இழுக்கலைன்னா, இந்தக் குழாய் எப்படி இங்க வந்துதுன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும். மிஷின் தூக்கி வெச்சுதுன்னு நினைப்பாங்க” என்றார்.

அது அவர்களைத் தொட்டது. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேஸ்திரி வெகு நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். “அந்தப் பொண்ணைக் கேக்கோணுமுங்க” என்றார் கடைசியில். “அது வேண்டாமுன்னா வேண்டாம்.”

மறுநாள் காலையில் அவளைப் பார்த்தேன். கல் நிறைந்த கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறி வந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேலிராது. கூடையைக் கவிழ்த்துவிட்டு, நிழலில் நின்று நான் சொல்வதைக் கேட்டாள். மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் சற்று எட்டத்தில் நின்றார்கள்.

“எம்மேல எதுக்குங்க இதைப் போடறீங்க?” என்றாள். “நானா குழாய் இழுக்கறேன்?”

“உங்களைக் கேக்காம செய்யறதுக்கு அவங்களுக்கு மனசு இல்லீங்க, அம்மணி.”

அவள் தலைச்சும்மாட்டை எடுத்து உதறி மறுபடி சுற்றினாள். “அந்தப் படத்துல எங்கூட்டுக்காரரு தெரிவாருங்களா?”

இது என்ன கேள்வி என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. காமிரா இதற்கு முன் எப்போதாவது வந்து அவரைப் பிடித்திருக்குமா என்று கேட்கிறாள். இல்லை என்றேன். அவரை யாரும் ஒரு போட்டோகூட எடுத்ததில்லை என்பதை அவளே சொன்னாள்.

“அப்ப அவரு இல்லைங்கறதாவது தெரியட்டுங்க. இழுக்கட்டும். ஆனா அவரு நின்ன எடத்துல ஆரும் நிக்க வேண்டாம். அந்த எடத்தை உட்டுப்போட்டு இழுக்கட்டும்.”

மேஸ்திரி கேட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். “செரி” என்றார்.

சீனிவாசனிடம் நான் சொன்னபோது, வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தால் பார்ப்பவர்களுக்குக் குறையாகத் தெரியாதா என்று ஒரு கணம் யோசித்தார். உடனே தாமே, “இல்லை. அது இருக்கட்டும்” என்றார். காமிராவை எங்கே வைத்தால் இடது வரிசை முழுவதும் தெரியும் என்று பார்த்துப் பார்த்து, இரண்டு மூன்று தடவை முக்காலியை இடம் மாற்றினார். முதலில் மேடையின் உச்சியில் வைத்திருந்தவர், காலி இடம் நன்றாகத் தெரிவதற்காகவே பக்கவாட்டில் இறக்கி வைத்தார். நான் கறுப்புத் துணிக்குள் கையை விட்டுப் புதுச் சுருளை மாட்டினேன்.

இன்ஜினியர் கயிறுகளைத் தாமே தடவிப் பார்த்தார். பனி விலகி, வெயில் ஏறி, புல் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்றார். குழாய்த் துண்டு உருளைக் கட்டைகளின் மேல் சரிவின் அடியில் இருந்தது. அது பின்னால் நழுவாமல் கட்டை வைத்துத் தடுக்க இரண்டு பேர் பக்கத்திலேயே நடந்து வர வேண்டும். ஆட்கள் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்கள். இடது வரிசையில் இரண்டாமவருக்கும் நான்காமவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம். அங்கே கயிறு மட்டும் நீளமாகத் தெரிந்தது. பாவாயி அங்கே வரவில்லை. சரிவின் மறுபக்கத்தில் மற்றப் பெண்களோடு கல் சுமந்துகொண்டிருந்தாள்.

மேஸ்திரி குரல் கொடுத்தார். எல்லோரும் சேர்ந்து பதில் குரல் கொடுத்து இழுத்தார்கள். சீனிவாசன் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். குழாய் ஒரு முழம் ஏறியது. கட்டை வைத்தார்கள். மறுபடி குரல், மறுபடி ஒரு முழம். கயிறு தோலை உரசும் சத்தமும், மூச்சு விடும் சத்தமும், காமிராவின் டிக் டிக் சத்தமும் கேட்டன. கொட்டகையில் உட்கார்ந்து இதைப் பார்ப்பவர்களுக்கு இந்தச் சத்தங்கள் எதுவும் கேட்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரிவில் பாதிக்கு மேல் ஏறியிருக்கும். இடது பக்கத்து உருளைக் கட்டை ஒன்று கல்லில் ஏறிச் சாய்ந்தது. குழாய் இடப்பக்கம் தலையைத் திருப்பியது. அந்தப் பக்கக் கயிற்றில் முழுப் பாரமும் விழுந்தது. நான்காமவரின் குதிகால் மண்ணை உழுதுகொண்டு வழுக்குவதைக் கண்டேன். முன்னால் பிடிக்க ஆள் இல்லாததால் அவர் உடம்பு காலி இடத்துக்குள் இழுபட்டுச் சாய்ந்தது. மேஸ்திரி “உடாதீங்க, உடாதீங்க” என்றார். அவர் கத்தவில்லை. மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார். அந்தக் குரல்தான் என்னைக் கிளப்பியிருக்க வேண்டும்.

நான் ஓடியது எனக்குத் தெரியாது. குளிருக்காகக் காலையில் போட்ட கோட்டைக் கழற்றாமலேயே இருந்தேன். அதோடு போய், காலியாக இருந்த இடத்தில் நின்று கயிற்றைப் பிடித்தேன். காமிராவும் கறுப்புத் துணியும் பிடித்துப் பழகிய கைகள். என்னால் எவ்வளவு பாரம் தாங்கியிருக்க முடியும் என்று இன்றைக்கும் சந்தேகம்தான். ஆனால் நான்காமவருக்குச் சாய்ந்துகொள்ள ஒரு முதுகு கிடைத்தது. அவர் கால் ஊன்றினார். குழாய் நின்றது. கட்டைக்காரர்கள் இருவரும் அடியில் புகுந்து கட்டையைத் திணித்தார்கள். பிறகு மேஸ்திரி, “மெதுவா, ஒரு புடி” என்றார். இழுத்தோம். மேடை வரைக்கும் இழுத்து உட்கார வைத்த பிறகுதான் கயிற்றை விட்டேன். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிருந்தது.

சீனிவாசன் சுற்றுவதை நிறுத்தவே இல்லை. அதைப் பற்றி நான் அவரைத் தவறாக நினைக்கவில்லை. “என் கை நிக்கலை, சார். நிறுத்தணும்னு நினைச்சேன், கை கேக்கலை” என்று பிற்பாடு சொன்னார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரி ஒவ்வொரு ஆளின் தோளையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்தபோது என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான், நான் எங்கே போய் நின்றேன் என்பது எனக்கு உறைத்தது. சீனிவாசனுக்கும் அது உறைத்திருந்தது. காலி இடம் சுருளின் பின்பாதியில் இல்லை. வேண்டுமானால் இன்னொரு தடவை என்று கேட்க அவர் வாயெடுத்தார், குழாயைப் பார்த்தார், கேட்கவில்லை.

“போதுமுங்க” என்றார் மேஸ்திரி, அவர் கேட்டுவிட்டதுபோலவே.

பின்னாளில் கோயமுத்தூரில் அந்தப் படத்தைக் காட்டினார்கள். நானும் போனேன். அணையும் கால்வாயும் வந்து போயின. குழாய் இழுப்பது வந்தபோது, சீனிவாசன் நினைத்ததுபோலவே கொட்டகை மூச்சடங்கியது. ஆனால் வெட்டித் தொகுத்தவர்கள் அதைப் பின்பாதியிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். கோட்டுப் போட்ட ஒருவன் திடீரென்று ஓடிவந்து கயிற்றைப் பிடிப்பது தெரிந்ததும் ஜனங்கள் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். எந்தத் துரையோ வேடிக்கைக்குக் கை கொடுக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

இழுத்து முடித்த அன்றைக்குச் சாயங்காலம், கைகளில் துணி சுற்றிக்கொண்டு பாவாயியிடம் போனேன். நடந்தது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனாலும் நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்த இடத்தில் போய் நின்றுவிட்டேன் என்றேன்.

அவள் சுள்ளி ஒடித்து அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“உடுங்க. அன்னைக்கு அவருக்குப் பக்கத்துல ஓடியாறதுக்கு ஆரும் இல்லீங்க” என்றாள். அப்புறம், “கைக்குத் தேங்கெண்ணெய் போடுங்க. பச்சைத் தண்ணி படாமப் பாத்துக்குங்க” என்றாள்.

அடிவாரத்துக்கும் இறங்கினோம். மின்நிலையத்தில் சக்கரங்கள் துணி மூடிக் காத்திருந்தன. அங்கே இருந்த நாள்களில் சாயங்காலமானால் வரிசையாக நின்று கொய்னா விழுங்கினோம். அந்தக் கசப்பு மறுநாள் காப்பியிலும் இருக்கும். ஓடையோரத்தில் மாரப்பனை எரித்த இடத்தை ஒரு ஆள் காட்டினார். புல் முளைத்து மூடியிருந்தது. அவர் காட்டியிராவிட்டால் தாண்டிப் போயிருப்பேன்.

நாங்கள் கிளம்பும் நாளில் சென்னியப்ப மேஸ்திரி வந்தார். கல் வேலையும் தீர்கிறது. ஆட்கள் கலையப் போகிறார்கள். பாவாயி முதலில் போகட்டும் என்று முடிவாகியிருந்தது. “பொண்ணு தனியாப் போகுதுங்க. மேட்டுப்பாளையம் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா, அங்க அதோட அண்ணன் வந்து நிப்பாரு” என்றார். விஞ்சு வண்டியில் மேலே ஏறும்போது அந்த நிறுத்தத்தைக் கடந்தோம். அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் தன் மூட்டையின் முடிச்சைச் சரி செய்துகொண்டிருந்தாள். ஊட்டிவரை லாரியில் தூங்கினாள்.

அவளும் கணவனும் கூட்டத்தோடு நடந்தே மலையேறி வந்தவர்கள். ரயிலில் அவளுக்கு அது முதல் பயணம். குகைகளுக்குள் நுழையும்போதெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குன்னூரில் கேரட்டுக் கூடைகளோடு ஒரு அம்மாள் ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆழத்தைப் பார்க்காமல் இருக்கப் பேச்சுக் கொடுத்தார்.

“மலையில எங்கீங்க வேலை?”

“கரண்டு செய்யற எடத்துலீங்க.”

“கரண்டை எப்பிடித்தான் செய்யறாங்களோ. எங்கூருப் பக்கமெல்லாம் அதே பேச்சுத்தான்.”

பாவாயி யோசித்தாள். “தண்ணிய மேல இருந்து கீழ உடறாங்கங்க. அது உழுகறதுக்கு முந்தி மனுசங்க மேல ஏறோணும். நெறையத் தடவை ஏறோணுமுங்க.”

“உங்கூட்டுக்காரரும் அங்கதானா?”

“ஆமாங்க. ரெண்டு பேருமாத்தான் போனோம்.” ஜன்னல் வழியே காட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அவரு வரலீங்க.”

அந்த அம்மாள் கேரட்டு ஒன்றை எடுத்துத் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

பிளாட்பாரத்தில் அவள் அண்ணன் நின்றிருந்தார். தங்கையைக் கண்டதும் மூட்டையை வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்க்கத் துணிவில்லாதவர்போல் மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் அன்னூர், அவிநாசி வழியாகப் போக வேண்டும். “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டு அவள் அவருக்கு முன்னால் நடந்தாள். சீனிவாசன், அவள் கண்ணைவிட்டு மறையும்வரை, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கோயமுத்தூர் சாலையோரம் புதிதாக நட்ட கம்பங்கள் கம்பியில்லாமல் நின்றன. போகும்போது நான் கவனிக்கவில்லை. எங்கள் தெருவில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. முனிசிபல் விளக்கேற்றும் கந்தசாமி, ஏணியைச் சாய்த்து முதல் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். மலை வேலைக்குப் போய் வந்தவன் என்று தெரிந்ததும் இறங்கி வந்தார்.

“அந்தக் கரண்டு வெளக்கு, திரியும் இல்லாம எண்ணெயும் இல்லாம, தானா எரியுமாமுங்களே? நெசந்தானுங்களா?”

“தானா எரியாதுங்க” என்றேன்.

“பின்னே?”

அவருக்கு வேலை கிடந்தது, நிற்க நேரமில்லை. ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த கம்பத்துக்குப் போனார். நானும் பெட்டியைக் கடையில் வைத்துவிட்டுக் கூடவே நடந்தேன். அவர் ஏறும்போது பேச்சை நிறுத்தி, இறங்கியதும் தொடர்ந்தேன். அணையைப் பற்றியும், விளிம்பில் அறுந்து விழும் மலையைப் பற்றியும், குழாயைப் பற்றியும் சொன்னேன். தெருமுனை வந்து கடைசி விளக்கையும் ஏற்றிவிட்டார். அப்போதுதான் நான் மாரப்பனிடம் வந்திருந்தேன். கந்தசாமி ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கம்பத்தடியில் உட்கார்ந்தார்.